60 கோடிக்கு ஏலம்போன விக்ராந்த்... அலமாரியில் நிற்கும் ஸீ ஹாக்! - ஓய்வுபெற்ற விமானந்தாங்கிக் கப்பல்கள் எங்கே போகின்றன?

2016-ம் ஆண்டு பஜாஜ் நிறுவனம் அறிமுகப்படுத்திய `வி15' பைக் நினைவிருக்கிறதா? அதன் பெட்ரோல் டேங்க் பகுதியில் கலந்திருக்கும் உலோகம், 1971 போரில் பங்கேற்ற ஐ.என்.எஸ் விக்ராந்த் கப்பலிலிருந்து எடுக்கப்பட்டது. அதைச் சொல்லித்தான் அந்த பைக்கையே விளம்பரப்படுத்தினார்கள். பலரும் பெருமையோடு வாங்கினார்கள்.

ஆனால், ஒரு கேள்வி. இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், எங்கே அழைத்துப் போவீர்கள்?

எங்கேயும் போக முடியாது. கப்பல் இல்லை. ஆனால், அதிலிருந்து பறந்த விமானங்கள் சில கோவாவில் நிற்கின்றன. அவற்றின் 17 சென்டிமீட்டர் வடிவங்கள், ஸ்கேல் மாடல் செய்பவர்களின் வீட்டு அலமாரிகளில் நிற்கின்றன. 213 மீட்டர் கப்பல் காணாமல்போய், உள்ளங்கையில் அடங்கும் விமானம் மிஞ்சியது எப்படி?

பெல்ஃபாஸ்ட்டிலிருந்து தாருகானா வரை

விக்ராந்த், இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிரிட்டனுக்காகக் கட்டத் தொடங்கிய கப்பல். அப்போது அதன் பெயர் `ஹெர்குலிஸ்'. போர் முடிந்ததும் வேலை பாதியில் நின்றது. 1957-ல் இந்தியா அதை வாங்கியது. பெல்ஃபாஸ்ட் நகரில் மீதி வேலை முடிந்து, 1961 மார்ச் 4-ம் தேதி இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு மே 18-ம் தேதி, விக்ராந்தின் மேல்தளத்தில் முதல் ஜெட் விமானம் இறங்கியது. அந்த ஸீ ஹாக் விமானத்தை ஓட்டிவந்தவர் தஹிலியானி. பின்னாளில் கடற்படைத் தளபதியானவர்.

1971 போரின்போது விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. ஆனாலும் வங்காள விரிகுடாவுக்குப் போனது. டிசம்பர் 4-ம் தேதி காலை, அதிலிருந்து கிளம்பிய 8 ஸீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. சிட்டகாங்கும் தப்பவில்லை. அந்தப் போருக்காக விக்ராந்தின் வீரர்கள் பெற்றவை 2 மகாவீர் சக்ரா, 12 வீர் சக்ரா.

1997 ஜனவரி 31-ம் தேதி விக்ராந்துக்கு ஓய்வு. மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக நின்றது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆனால், கப்பலின் அடிப்பகுதி அரித்துக்கொண்டே போனது. 2012-ல் பாதுகாப்பு கருதிப் பார்வையாளர்களை அனுமதிப்பதை நிறுத்தினார்கள். 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. உடைக்கக் கூடாது என்று தொடரப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பலனில்லை. அந்த ஆண்டு நவம்பரில், மும்பையின் தாருகானா கப்பல் உடைக்கும் தளத்தில் வேலை தொடங்கிவிட்டது.

விராட்: பாதி உடைந்த பிறகு வந்த தடை

விக்ராந்துக்கு நேர்ந்தது அடுத்த கப்பலுக்கு நேரக் கூடாது என்று பலரும் சொன்னார்கள். ஆனால், ஐ.என்.எஸ் விராட் விஷயத்திலும் அதுவேதான் நடந்தது.

1959-ல் பிரிட்டிஷ் கடற்படையில் `ஹெர்மிஸ்' என்ற பெயரில் சேர்ந்து, 1982 ஃபாக்லாந்து போரில் தலைமைக் கப்பலாக இருந்து, 1987-ல் இந்தியாவுக்கு வந்த கப்பல் அது. 2017 மார்ச் 6-ம் தேதி ஓய்வுபெற்றது. அதை சிந்துதுர்க் கடலோரத்தில் அருங்காட்சியகமும் ஹோட்டலுமாக மாற்ற மகாராஷ்டிர அமைச்சரவை 2018-ல் ஒப்புதல் தந்தது. திட்டச் செலவு 852 கோடி ரூபாய். திட்டம் காகிதத்தைத் தாண்டவில்லை.

2020-ல் விராட் 38.54 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டு, குஜராத்தின் அலங் கடற்கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 2021 பிப்ரவரியில் உடைப்பதை நிறுத்திவைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால், அதற்குள் சுமார் 40 சதவிகிதம் உடைந்துவிட்டது என்று தெரியவந்ததால், ஏப்ரலில் வழக்கு தள்ளுபடியானது. காப்பாற்ற ஆள் வந்தபோது, காப்பாற்றக் கப்பல் இல்லை.

ஒரு சென்ட்டுக்கு ஒரு கப்பல்!

`நம்மிடம் பணமில்லை, அதனால் உடைத்தோம்' என்று தோன்றலாம். பணமுள்ள நாடுகளிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

அத்தனை விமானந்தாங்கிக் கப்பல்களை வைத்திருந்த பிரிட்டன், ஒன்றைக்கூட அருங்காட்சியகமாகக் காப்பாற்றவில்லை. இன்வின்சிபிள், ஆர்க் ராயல், இல்லஸ்ட்ரியஸ் என்று அடுத்தடுத்து துருக்கிக்குப் பழைய இரும்பாகப் போயின.

அமெரிக்காவின் `கிட்டி ஹாக்', `ஜான் எஃப் கென்னடி' இரண்டும் 2021-ல் விற்கப்பட்டன. விலை தலா ஒரு சென்ட். உடைக்க ஆகும் செலவு அவ்வளவு அதிகம். அதிலிருந்து கிடைக்கும் இரும்புதான் நிறுவனத்துக்கு லாபம். அதற்கு முன்பு, `ஒரிஸ்கனி' என்ற கப்பலை 2006-ல் ஃப்ளோரிடா அருகே கடலில் மூழ்கடித்து, மீன்கள் வாழும் செயற்கைப் பாறைத்திட்டாக மாற்றினார்கள்.

பிரேசிலின் `சாவ் பாவ்லோ'வின் முடிவு இன்னும் சோகம். உடைப்பதற்காக துருக்கி நோக்கிப் புறப்பட்ட கப்பலை, அதிலிருந்த கல்நார் போன்ற நச்சுப்பொருள்களால் அந்த நாடு ஏற்க மறுத்தது. திரும்பிய கப்பலைச் சொந்த நாட்டுத் துறைமுகங்களிலும் சேர்க்கவில்லை. கடைசியில் 2023 பிப்ரவரியில் பிரேசில் கடற்படையே அதை அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது.

அப்படியானால் எதுவுமே தப்பவில்லையா? தப்பியிருக்கின்றன. அமெரிக்காவில் யார்க்டவுன், இன்ட்ரெபிட், லெக்சிங்டன், ஹார்னெட், மிட்வே என ஐந்து கப்பல்கள் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. ஆனால், டிக்கெட்டும் நன்கொடையும் ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். நியூயார்க்கில் நிற்கும் இன்ட்ரெபிட்டை 2006-ல் பழுதுபார்க்க இழுத்தபோது, அதன் சுழல்விசிறிகள் சேற்றில் புதைந்து கப்பல் நகரவே மறுத்தது. சேற்றைத் தோண்டி எடுத்து, ஒரு மாதம் கழித்துதான் கிளப்ப முடிந்தது.

அளவுதான் விதியைத் தீர்மானிக்கிறது

விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போனவர்கள் ஐ.என்.எஸ் குர்சுரா நீர்மூழ்கியைப் பார்த்திருப்பீர்கள். 91 மீட்டர் நீளம். அதைக் கரையேற்றி நிறுத்த முடிந்தது. அதனால் பிழைத்தது. அதே சாலையில் நிற்கும் டி.யு-142 விமானம் நம் அரக்கோணத்தில் பணிபுரிந்தது. 2017-ல் ஐ.என்.எஸ் ராஜாளி தளத்தில் விடைபெற்று, இப்போது அருங்காட்சியகம்.

213 மீட்டர் கப்பலைக் கரையேற்ற முடியாது. தண்ணீரில்தான் நிற்க வேண்டும். உப்புத் தண்ணீர் இரும்பை விடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறைக்குக் கொண்டுபோய் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய கப்பல் நுழையும் உலர்துறைகள் குறைவு. இருக்கும் துறைகளுக்கும் பணியில் இருக்கும் போர்க்கப்பல்களே வரிசைகட்டி நிற்கும்.

விமானம் அப்படியல்ல. ஒரு பள்ளி மைதானத்தின் மூலை போதும். அதனால்தான் விக்ராந்தின் விமானங்கள் தப்பின.

இவற்றின் கதையில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. இன்று கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ் ஹன்ஸா என்ற கடற்படை விமானத்தளம், 1961 செப்டம்பரில் முதலில் தொடங்கப்பட்டது கோவை பக்கத்து சூலூரில். கோவா விடுதலைக்குப் பிறகே, 1964-ல் அங்கு இடம் மாறியது. அந்த கோவாவில், வாஸ்கோடகாமா அருகே உள்ள கடற்படை விமான அருங்காட்சியகம் 1998 முதல் இயங்குகிறது. ஸீ ஹாக், நீர்மூழ்கிகளைத் தேடும் பிரெஞ்சு விமானமான அலிஸே, பின்னாளில் வந்த ஸீ ஹாரியர் மூன்றையும் அங்கே பார்க்கலாம்.

17 சென்டிமீட்டரில் ஒரு ஸீ ஹாக்

இப்போது அலமாரிக்கு வருவோம். ஸ்கேல் மாடல் என்பது பொம்மை அல்ல. அசல் விமானத்தின் ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது. விமானங்களுக்குப் பிரபலமான விகிதம் 1/72. அதாவது, அசலில் ஆறு அடி என்றால் மாடலில் ஓர் அங்குலம். 12 மீட்டர் நீள ஸீ ஹாக் 17 சென்டிமீட்டர் ஆகிவிடும். விக்ராந்தையும் அதே விகிதத்தில் செய்தால் மூன்று மீட்டர். ஹாலில் சோபாவை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்! அதனால்தான் கப்பல்களை 1/700-ல் செய்கிறார்கள். அப்போது விக்ராந்த் 30 சென்டிமீட்டர். அதன்மேல் நிற்கும் ஸீ ஹாக் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்கூட இருக்காது.

இது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் விமான மாடல்கள் செய்து தரும்படி கேட்டது. வானில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று வீரர்கள் பார்த்தவுடன் அடையாளம் காணப் பழகுவதற்காக! அவையும் 1/72 அளவுதான்.

ஸீ ஹாக் செய்பவர்கள் சந்திக்கும் சவால்கள் சுவாரஸ்யமானவை. அசல் விமானத்தில் இன்ஜினின் புகை வால் வழியாக வராது. இரண்டாகப் பிரிந்து, இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் வெளியேறும். அந்த வளைவுகளை இடைவெளி தெரியாமல் ஒட்டுவதற்கே பொறுமை வேண்டும். மூக்குக்குக் கீழே முன்சக்கரம் இருப்பதால், முன்பக்கம் எடை போதவில்லை என்றால் மாடல் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டை மூக்குக்குள் வைத்து ஒட்டுவது பழைய தந்திரம். கப்பலில் இடம் மிச்சமாக இறக்கைகளை மடக்கி நிறுத்துவார்கள். 12 மீட்டர் அகலம் 4 மீட்டராகிவிடும். மடக்கிய நிலையில் செய்ய நினைத்தால், மடிப்புக்குள் தெரியும் குழாய், கீல் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும்.

இங்கேதான் உடைந்த கப்பலின் இழப்பு உறைக்கிறது. எந்த ஆண்டு விக்ராந்தைச் செய்வது? 1971-ல் அதன் மேல்தளம் தட்டையானது. விமானங்களை நீராவி விசையால் எறியும் கேட்டபுல்ட் இருந்தது. 80-களின் மராமத்தில் அதை நீக்கிவிட்டு, ஸீ ஹாரியர் எழும்புவதற்காக முன்பக்கத்தை மேல்நோக்கி வளைத்தார்கள். ஆக, ஒரே பெயரில் இரண்டு வேறு கப்பல்கள். தளத்தின் சாம்பல் நிறம் எவ்வளவு அடர்த்தி? பழைய படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. திறந்தவெளியில் நிற்கும் விமானங்களுக்குப் புதிய பெயின்ட் அடித்துக்கொண்டே இருப்பதால், அந்த நிறத்தையும் முழுதாக நம்ப முடியாது. கப்பல் இருந்திருந்தால் நேரில் போய் அளந்திருக்கலாம். இப்போது படங்களை அடுக்கி வைத்துத் துப்பறிய வேண்டியிருக்கிறது.

நீங்களும் தொடங்கலாம்!

* முதல் மாடலுக்கு 1/72 அளவில், இறக்கை விரிந்த ஒற்றை இன்ஜின் விமானம் போதும். மடித்த இறக்கையும் கப்பலும் அப்புறம்.

* பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்து வரும். கையால் பிய்க்காதீர்கள். நல்ல நகவெட்டியால் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.

* ஃபெவிகால் சரிப்படாது. பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்து ஒட்டவைக்கும் தனிப் பசை இருக்கிறது. அதற்கு நெடி உண்டு. ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். சிறு பிள்ளைகள் என்றால் பெரியவர்கள் பக்கத்தில் இருப்பது அவசியம்.

* சுவருக்கு பட்டி பார்ப்பதுபோல, இடைவெளிகளை நிரப்பித் தேய்த்த பிறகே பெயின்ட்.

* விமானத்தின் எண், கொடி, சின்னம் எல்லாம் தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய ஒட்டிகளாக வரும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும்.

* எந்த ஆண்டு, எந்தக் கப்பல் என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். தாத்தாவோ மாமாவோ கடற்படையில் இருந்தவர் என்றால், பழைய ஆல்பத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் ஒரு படம், கிட்டில் இருக்கும் தாளைவிட அதிகம் சொல்லும்.

அடுத்தது யார்?

விக்ராந்த் என்ற பெயர் அழியவில்லை. கொச்சியில் கட்டப்பட்ட புதிய விக்ராந்த், 2022 செப்டம்பர் 2-ம் தேதி பணிக்கு வந்தது. மும்பையில் கடற்படைத் தளத்தின் அருகே, பழைய கப்பலின் உலோகத்தால் செய்த நினைவுச்சின்னம் ஒன்றும் 2016 முதல் இருக்கிறது.

ஆனால், ஓய்வுபெறப்போகும் கப்பல்கள் இத்தோடு முடியவில்லை. 2013-ல் நம்மிடம் வந்த விக்ரமாதித்யா, அதற்கு முன்பே 1987-ல் சோவியத் கடற்படையில் சேர்ந்த கப்பல். அதற்கும் ஒருநாள் ஓய்வு வரும். விக்ராந்துக்கும் விராட்டுக்கும் யோசனைகள் வந்தன, வழக்குகளும் வந்தன. ஓய்வுக்குப் பிறகு எங்கே நிறுத்துவது, யார் செலவு செய்வது என்பதற்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை. முழுக் கப்பலையும் காப்பாற்ற முடியாமல் போகலாம். பணியில் இருக்கும்போதே அங்குலம் அங்குலமாக அளந்து, வண்ணப்படம் எடுத்து, வரைபடங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பதற்கு அவ்வளவு பெரிய செலவு ஆகாது. நாளை மாடல் செய்யப்போகும் பிள்ளைக்கு அந்த வரைபடமாவது மிஞ்சட்டும்.