புளியமரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

கல்வராயன் மலைச்சரிவில் ஒரு புளியமரம் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆள் கட்டிப் பிடித்தால் கைக்கு அடங்காத மரம். வெட்டிச் சாய்த்தால் பல வண்டி விறகு தேறும்.

அது முளைப்பதற்கு முன் என்னவாக இருந்தது? ஒரே ஒரு புளியங்கொட்டை!

அந்தச் சின்னக் கொட்டை இத்தனை பெரிய மரமாகிவிட்டது. கூடிய எடை எல்லாம் எங்கிருந்து வந்தது?

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "மண்ணிலிருந்து வந்தது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சிலர் "தண்ணீரிலிருந்து" என்பார்கள்.

மண்தான் மரமாக மாறியது என்றால், மரத்தைச் சுற்றிப் பெரிய பள்ளம் விழுந்திருக்க வேண்டாமா? பள்ளம் எங்கே?

அதே பிள்ளையிடம் வேறு விதமாகக் கேளுங்கள். "தாவரங்கள் காற்றிலிருந்து எந்த வாயுவை எடுத்துக்கொள்கின்றன?"

"கரியமில வாயு!" என்று உடனே பதில் வந்துவிடும். பரீட்சையில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

அந்தக் கரியமில வாயுதான் மரமாக நிற்கிறது என்பது மட்டும் பிள்ளைக்குத் தெரியாது!

பெரிய படிப்பு படித்தவர்களும் திணறினார்கள்

இது கிராமத்துப் பிள்ளைகளின் குறை அல்ல. உலகம் முழுவதும் இதே கதைதான்.

அமெரிக்காவில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. என்ற இரண்டு புகழ் பெற்ற கல்வி நிலையங்கள் உள்ளன. அங்கே பட்டம் பெற்றவர்களிடம் ஒரு விதையையும் ஒரு மரக்கட்டையையும் காட்டி, "இந்த எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். அது படமாக எடுக்கப்பட்டு 1997-ம் ஆண்டில் வெளிவந்தது. பட்டம் பெற்றவர்களே பதில் சொல்ல முடியாமல் திணறினார்கள்.

அதற்கும் 350 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விஞ்ஞானியே ஏமாந்திருக்கிறார். அவர் பெயர் வான் ஹெல்மாண்ட். இன்றைய பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்தவர்.

அவர் ஒரு தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை நிரப்பினார். அதில் 2 கிலோவுக்குச் சற்று கூடுதலான எடையுள்ள ஒரு மரக்கன்றை நட்டார். 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார்.

பிறகு மரத்தைப் பிடுங்கி நிறுத்தார். 76 கிலோ இருந்தது! மண்ணைக் காய வைத்து நிறுத்தார். 60 கிராம் கூடக் குறையவில்லை!

"அப்படியானால் மரம் முழுவதும் தண்ணீரிலிருந்துதான் வந்தது" என்று அவர் முடிவு கட்டினார். மண் அல்ல என்பது சரி. தண்ணீர் மட்டும்தான் என்பது தவறு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "காஸ்" என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவரே இவர்தான். கரியை எரித்துப் பார்த்து, 62 பங்கு கரிக்கு 1 பங்கு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மற்றதெல்லாம் காஸாகப் போய்விடுகிறது என்று சொன்னவரும் இவரே. எரியும் கரி காற்றில் கலப்பதைக் கண்டவர், அந்தக் காற்றே திரும்ப மரமாகிறது என்பதைக் காணவில்லை!

ஆகவே, தவறாகப் பதில் சொல்லும் பிள்ளையைத் திட்ட வேண்டியதில்லை.

பெயரிலேயே விடை இருக்கிறது

கரியமில வாயு என்ற பெயரின் தொடக்கத்தில் இருப்பது என்ன? கரி! அடுப்பில் மிஞ்சும் அதே கரிதான் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கிறது.

இலையில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக அந்த வாயு உள்ளே போகிறது. வேர் தண்ணீரைக் கொண்டு வருகிறது. வெயில் சக்தியைக் கொடுக்கிறது. மூன்றும் சேர்ந்து சர்க்கரை ஆகிறது. பிராண வாயு வெளியே வருகிறது. அந்தச் சர்க்கரையிலிருந்துதான் பட்டை, கட்டை, இலை, காய் எல்லாம் உண்டாகின்றன.

காய்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி கரி. அந்தக் கரி முழுவதும் காற்றிலிருந்து வந்தது.

மண் கொடுத்தது எவ்வளவு? விறகு எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பலைப் பாருங்கள். மண் கொடுத்த உப்புகள் அவ்வளவுதான். அது கொஞ்சமாக இருந்தாலும், அது இல்லாமல் மரம் வளராது.

இது தெரியாவிட்டால் என்ன?

இது தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பெரிய நஷ்டம் உண்டு.

பூமி ஏன் சூடாகிறது என்பதைப் புரிந்துகொள்ளும் சாவி இங்கேதான் இருக்கிறது. மரம் காற்றிலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான், மரத்தை எரித்தால் அது காற்றுக்கே திரும்புகிறது என்பது விளங்கும். இந்தப் போக்குவரத்துக்குத்தான் "கார்பன் சுழற்சி" என்று பெயர்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதை நேரில் காணலாம். 2019-ம் ஆண்டில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. வயலில் நிற்கும் கரும்பு காற்றிலிருந்து கரியை எடுக்கிறது. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுப்பது வழக்கம். எரியும்போது கரி காற்றுக்குத் திரும்புகிறது. அடுத்த ஆண்டுக் கரும்பு அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கொடுத்த கடன் வசூலாகிவிடுகிறது!

பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி இருக்கிறது. அங்கே 1960-களின் தொடக்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரி எடுக்கப்படுகிறது. அதுவும் ஒரு காலத்தில் காடாக இருந்ததுதான். ஆனால் அந்தக் காடு மனிதன் தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே புதைந்து போனது. அதை எரித்தால், அத்தனை காலம் பூட்டி வைத்திருந்த கரி சில நிமிடங்களில் காற்றில் கலக்கிறது. அதைத் திரும்ப எடுக்க இப்போது இருக்கும் காடுகளும் கடலும் போதவில்லை.

கணக்கு இதோ: தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன், 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958-ம் ஆண்டில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய் தீவின் மலை ஒன்றில் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது!

இந்த வாயு ஒரு போர்வை போன்றது. பூமியின் சூட்டை எளிதில் வெளியே விடாது. போர்வையே இல்லாவிட்டால் நாம் குளிரில் உறைந்து போவோம். போர்வை கனமானால் புழுக்கம்!

இன்னும் மூன்று கேள்விகள்

பிள்ளைக்கு உண்மையிலேயே புரிந்திருக்கிறதா என்று பார்க்க இன்னும் மூன்று கேள்விகள் உண்டு.

முதல் கேள்வி: "மரம் பகலில் மூச்சு விடுமா?"

இரவில் புளியமரத்தடியில் படுக்காதே என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இரவில் மரம் கரியமில வாயுவை விடுகிறது என்று பள்ளியில் படிக்கிறார்கள். அதனால், இரவில் மட்டும்தான் மரம் மூச்சு விடுகிறது என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. நம்மைப் போலவே மரமும் இரவும் பகலும் மூச்சு விடுகிறது. பகலில் வெளியே விடுவதைவிட உள்ளே எடுப்பது அதிகம். அவ்வளவுதான்!

இரண்டாவது கேள்வி: "ஒரு புயல் வந்துவிட்டால் காலநிலை மாறிவிட்டது என்று சொல்லலாமா?"

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தென்பெண்ணை ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஒரு நாள் மழை வானிலை. 30 ஆண்டுச் சராசரிதான் காலநிலை. ஒரு புயலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால், காற்று 1 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். ஆகவே பெருமழை இன்னும் பெருமழையாகும் வாய்ப்பு கூடுகிறது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது கேள்வி: "ஓசோன் ஓட்டை வழியாக வெயில் வருவதால்தான் பூமி சூடாகிறதா?"

"ஆமாம்" என்று சொல்லும் பிள்ளைகள் பல நாடுகளிலும் உண்டு. இரண்டும் வேறு வேறு. ஓசோன் படலம் தேய்ந்தால் தோலுக்கும் கண்ணுக்கும் கெடுதியான கதிர்கள் கூடுதலாக வரும். பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் கரியமில வாயுப் போர்வைதான்.

தமிழ்நாடு எழுதிய பரீட்சை

மனப்பாடத்தைச் சோதிக்காமல், புரிந்ததைச் சோதிக்கும் பரீட்சை ஒன்று உலக அளவில் நடக்கிறது. அதன் பெயர் பிசா. 15 வயது மாணவர்கள் எழுதுவது.

அதில் முன்பு கேட்கப்பட்டு, பிறகு வெளியிடப்பட்ட ஒரு கேள்வி இது: கரியமில வாயு எவ்வளவு வெளியேறியது, பூமியின் வெப்பம் எவ்வளவு கூடியது என்று இரண்டு வரைபடங்கள் தரப்பட்டன. "வாயு கூடியதால்தான் வெப்பம் கூடியது" என்கிறான் ஒரு மாணவன். அவன் அப்படிச் சொல்ல வரைபடத்தில் என்ன ஆதாரம்? இன்னொரு மாணவி அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குச் சாதகமாக வரைபடத்தில் எந்தப் பகுதி இருக்கிறது?

இதற்கு மனப்பாடம் உதவாது. கண்ணால் பார்த்து, மனத்தால் எடை போட வேண்டும்.

2010-ம் ஆண்டில் தமிழ்நாட்டு மாணவர்களும் இமாசலப் பிரதேச மாணவர்களும் பிசா பரீட்சையை எழுதினார்கள். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில் நம் இரு மாநிலங்களும் கடைசி வரிசையில் இருந்தன!

பிள்ளைகளுக்கு அறிவு இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. "ஏன்?" என்ற கேள்விக்கு அவர்களைப் பழக்கவில்லை என்பதே பொருள்.

பழக்க வழி உண்டு

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதில் ஈடுபட்டு வந்திருக்கிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலேயே ஒரு விஷயத்தை ஆராய்ந்து, தங்கள் தாய்மொழியிலேயே சொல்லலாம். 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் அதன் தலைப்பு வானிலையையும் காலநிலையையும் அறிந்துகொள்வது.

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு ஆராயப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள் அவை. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் நிலம். காடு வாசலிலேயே இருக்கிறது. மழை தவறினால் என்ன ஆகும் என்பதை எந்தப் பாடப் புத்தகத்தையும்விட அந்த வீடுகள் நன்றாக அறியும்.

மோட்டாரும் குளிர்சாதனமும் குறைவாக உள்ள மலை ஊர்கள் காற்றில் விட்ட கரி மிகக் கொஞ்சம். ஆனால் மழை முறை தவறினால் முதல் அடி விழுவது அங்கேதான். முப்பது ஆண்டுகள் கழித்து அந்த நிலத்தில் விதைக்கப் போவது இன்று வெள்ளிமலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குத்தான் முதல் உரிமை!

வீட்டில் விறகு அடுப்பு இருந்தால் இன்று மாலையே ஒரு சோதனை செய்யலாம். அடுப்பில் வைக்கும் விறகைப் பிள்ளையின் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். சமையல் முடிந்து அடுப்பு ஆறிய பிறகு, மிஞ்சிய சாம்பலைக் கையில் அள்ளச் சொல்லுங்கள்.

"மீதி எங்கே போயிற்று?" என்று கேளுங்கள்.

விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை யோசிக்கட்டும்!