மாநாட்டுக்கு முன்பே முடிவாகும் உடன்படிக்கை

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் பருவநிலை மாநாடு தலைப்புச் செய்தியாகிறது. தலைவர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாரங்கள் கழித்து, விடிய விடியப் பேசியும் உடன்பாடு எட்டப்படவில்லை என்றோ, கடைசி நேரத்தில் உடன்பாடு ஏற்பட்டது என்றோ செய்தி வருகிறது. இவற்றைப் படிப்பவர்களுக்கு, உலகின் தலைவிதி அந்தக் கடைசி இரவில்தான் தீர்மானிக்கப்படுகிறது என்ற எண்ணம் ஏற்படுவது இயல்பே.

ஆனால், எதைப் பேசுவது, எந்த வரிசையில் பேசுவது, வரைவை யார் எழுதுவது, தலைவர்களை எப்போது அழைப்பது ஆகியவை அனைத்தும் அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே முடிவாகிவிடுகின்றன. உடன்படிக்கையின் வலிமையும் பலவீனமும் பெரும்பாலும் அந்த முடிவுகளிலேயே அடங்கியுள்ளன. பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், பொதுச்சொத்து குறித்த பாடத்துக்கு இந்தப் பேச்சுவார்த்தைகளையே நான் எடுத்துக்காட்டாகக் கொள்வது வழக்கம். அந்த வரலாற்றிலிருந்து இந்தியா கற்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.

முதலில், இந்தப் பேச்சுவார்த்தை ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு டன் கரியமில வாயு சிகாகோவில் வெளியேறினாலும் சென்னையில் வெளியேறினாலும் பூமிக்கு ஏற்படும் பாதிப்பு ஒன்றுதான். ஒரு நாடு தன் உமிழ்வைக் குறைத்தால் அதன் பலன் உலகம் முழுவதற்கும் கிடைக்கும்; செலவை மட்டும் அந்த நாடே சுமக்க வேண்டும். எனவே, 'பிறர் குறைக்கட்டும், நாம் பலனை அனுபவிப்போம்' என்று ஒவ்வொரு நாடும் கணக்குப் போடுகிறது. எல்லோரும் அவ்வாறே கணக்குப் போட்டால் யாருமே குறைக்க மாட்டார்கள்.

இதனுடன் நீதி குறித்த கேள்வியும் சேர்கிறது. கடந்த இரு நூற்றாண்டுகளாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து வளம் பெற்ற நாடுகள் ஒருபுறம். இப்போதுதான் வளரத் தொடங்கியுள்ள நாடுகள் மறுபுறம். இன்றும் ஓர் இந்தியரின் சராசரி உமிழ்வு உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் கையொப்பமான ஐ.நா. பருவநிலை மாற்றப் பணித்திட்ட உடன்படிக்கை, 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்ற கோட்பாட்டை ஏற்றது. அந்தக் கோட்பாட்டுக்கு நடைமுறையில் என்ன பொருள் என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை.

மூன்றாவது தடை, முடிவெடுக்கும் முறை. 1995-இல் பெர்லினில் முதல் மாநாடு கூடியபோது நடைமுறை விதிகள் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். வாக்கெடுப்பு பற்றிய விதியில் உடன்பாடு ஏற்படாததால் அவை இன்றும் வரைவு நிலையிலேயே பின்பற்றப்படுகின்றன. எண்ணெய் வளம் மிக்க நாடுகள் பெரும்பான்மை வாக்கெடுப்பை எதிர்த்தன. ஆகவே, ஏறத்தாழ 200 நாடுகளும் ஒருமித்து ஏற்றால் மட்டுமே முடிவு என்ற நிலை நீடிக்கிறது. எல்லோருடைய சம்மதமும் தேவைப்படும் இடத்தில், சம்மதத்தின் விலை மிக அதிகமாகிவிடும் என்பது பொருளியலின் பாலபாடம்.

அந்த விலை எவ்வளவு என்பதை 2013 காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு தோஹா மாநாட்டில், தனது ஆட்சேபத்தைப் பொருட்படுத்தாமல் முடிவு அறிவிக்கப்பட்டதாக ரஷியா குறைபட்டது. 2013 ஜூன் மாதம் ஜெர்மனியின் பான் நகரில் கூடிய துணைக்குழு ஒன்றில், முடிவெடுக்கும் முறையை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு ரஷியாவும், பெலாரஸும், உக்ரைனும் வலியுறுத்தின. நிகழ்ச்சி நிரலே ஏற்கப்படாமல் அந்தக் குழுவின் இரண்டு வாரங்கள் வீணாயின. நிகழ்ச்சி நிரல் என்பது வெறும் காகிதம் எனக் கருதுவோர் இந்நிகழ்வை நினைவில் கொள்ள வேண்டும்.

திட்டமிடலின் முக்கியத்துவத்தை உணர்த்த கோபன்ஹேகன், பாரீஸ் ஆகிய இரு மாநாடுகளை ஒப்பிட்டாலே போதும்.

2007 டிசம்பரில் பாலியில் கூடிய மாநாடு, இரண்டே ஆண்டுகளில் புதிய உடன்பாடு காண்பதெனக் காலக்கெடு விதித்தது. காலக்கெடு தெளிவாக இருந்தது. சேருமிடம் தெளிவாக இல்லை. உருவாகப்போவது சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையா, வெறும் அரசியல் அறிவிப்பா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. கியோட்டோ நெறிமுறைக்கு ஒரு குழு, அதில் சேராத அமெரிக்காவையும் உள்ளடக்கிய பேச்சுக்கு வேறொரு குழு எனப் பேச்சுவார்த்தை இரு தடங்களில் சென்றது. 2009 நடுப்பகுதியில் வரைவு சுமார் 200 பக்கங்களுக்கு வீங்கிவிட்டது. பக்கந்தோறும், உடன்பாடு எட்டாத சொற்களைச் சுற்றி அடைப்புக்குறிகள்.

2009 டிசம்பரில் கோபன்ஹேகன் மாநாடு தொடங்கிய மறுநாளே, டென்மார்க் ஒரு சில நாடுகளுடன் மட்டும் பகிர்ந்திருந்த வரைவு பத்திரிகையில் கசிந்தது. தங்களுக்குத் தெரியாமல் முடிவு எழுதப்படுகிறது என்று வளரும் நாடுகள் கொதித்தன. 15,000 பேர் மட்டுமே கொள்ளும் அரங்குக்கு 40,000-க்கும் அதிகமானோர் பதிவு செய்திருந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் கடைசி இரண்டு நாள்களில் வந்திறங்கியபோது, அவர்கள் கையில் கொடுக்கத்தக்க வரைவு எதுவும் இல்லை. இறுதியில் அமெரிக்க அதிபர் ஒபாமா, சீனப் பிரதமர் வென் ஜியாபாவோ, பிரதமர் மன்மோகன் சிங், பிரேசில் அதிபர் லூலா, தென்னாப்பிரிக்க அதிபர் ஜூமா ஆகியோர் ஓர் அறையில் அமர்ந்து சில பத்திகளுக்கு இணங்கினர். வெளியே காத்திருந்த நாடுகளில் பொலிவியா, வெனிசுவேலா, சூடான், துவாலு உள்ளிட்டவை அதை ஏற்க மறுத்தன. மாநாடு அந்த ஆவணத்தை ஏற்கவில்லை, 'கவனத்தில் கொண்டது'.

இங்கே குறை தலைவர்களின் மனத்திண்மையில் மட்டும் இல்லை. அதிகாரிகள் ஈராண்டுகளில் முடிக்காத வேலையை இரண்டு நாள்களில் முடிக்குமாறு தலைவர்களிடம் கொடுத்ததே அடிப்படைப் பிழை.

பாரீஸுக்கான பாதை 2011-இல் டர்பனில் தொடங்கியது. புதிய உடன்படிக்கையின் சட்ட வடிவம் என்ன என்பதில் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் கடுமையாக மோதின. இந்தியாவின் சார்பில் பேசியவர், தமிழகத்தைச் சேர்ந்த அன்றைய சுற்றுச்சூழல் துறை அமைச்சர் ஜெயந்தி நடராஜன். ஞாயிறு அதிகாலையில் கூட்டத்தை நிறுத்திவைத்து, இரு தரப்பையும் அரங்கின் நடுவிலேயே நின்று பேசச் செய்தார் மாநாட்டுத் தலைவர். பிரேசில் பிரதிநிதி முன்வைத்த 'சட்ட வலுவுடைய ஒப்புக்கொண்ட விளைவு' என்ற சொற்றொடர் சிக்கலை அவிழ்த்தது. 2015-க்குள் முடிப்பது, 2020 முதல் செயல்படுத்துவது, எல்லா நாடுகளுக்கும் பொருந்துவது என்ற மூன்றும் அன்றே உறுதியாயின. கோபன்ஹேகனில் கடைசி இரவில் எழுந்த கேள்விக்கு, இம்முறை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே விடை தேடினார்கள்.

அடுத்து, 2013-இல் வார்சாவில் ஒரு சொல் மாறியது. நாடுகள் அளிக்கப்போவது 'கடப்பாடு' என்பதற்குப் பதிலாக, 'தேசிய அளவில் தீர்மானிக்கப்படும் பங்களிப்பு' என்று பெயர் பெற்றது. மாநாட்டுக்கு வெகு முன்னதாகவே அதை அறிவிக்குமாறு நாடுகள் கேட்டுக்கொள்ளப்பட்டன. 2014 நவம்பரில் அமெரிக்காவும் சீனாவும் தத்தம் இலக்குகளைக் கூட்டாக அறிவித்தன. 2015 அக்டோபரில், தனது பொருளாதாரத்தின் உமிழ்வுச் செறிவை 2005-ஆம் ஆண்டுடன் ஒப்பிட 33 முதல் 35 விழுக்காடு வரை 2030-க்குள் குறைப்பதாக இந்தியா அறிவித்தது. மாநாடு கூடும் முன்பே பெரும்பாலான நாடுகளின் சீட்டுகள் மேசையில் இருந்தன. யார் முதலில் சொல்வது என்ற தயக்கமே பேரத்தை முடக்கும் என்பதை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் லாரன் ஃபேபியுஸும் தூதர் லாரன்ஸ் டுபியானாவும் ஆண்டு முழுவதும் தலைநகர்களுக்குப் பயணம் செய்தனர். அமைச்சர்களின் முறைசாராக் கூட்டங்கள் பலமுறை நடந்தன. அந்தப் பாதையும் சீராக இருக்கவில்லை. 2015 அக்டோபரில் பான் நகரில், இணைத் தலைவர்கள் வரைவைச் சுமார் 20 பக்கங்களாகச் சுருக்கியபோது, தங்கள் கோரிக்கைகள் வெட்டப்பட்டதாக வளரும் நாடுகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. விடுபட்டவை சேர்க்கப்பட, வரைவு மீண்டும் 50 பக்கங்களைத் தாண்டியது. சுருக்கம் நல்லது, ஆனால் எல்லோரும் தமது எனக் கருதாத சுருக்கம் பயன்படாது.

நவம்பர் 30 அன்று தொடங்கிய பாரீஸ் மாநாட்டுக்குத் தலைவர்கள் முதல் நாளே வந்தனர். அரசியல் திசையைக் காட்டிவிட்டுப் புறப்பட்டனர். சொற்களை அமைச்சர்களும் அதிகாரிகளும் பார்த்துக்கொண்டனர். டிசம்பர் 12 மாலை இறுதி வரைவில், வளர்ந்த நாடுகளைச் சட்டப்படி கட்டாயப்படுத்தும் வினைச்சொல் ஓரிடத்தில் இருந்தது. அது நீடித்தால் அமெரிக்க செனட்டின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும். கியோட்டோவுக்கு முன்பே, 1997 ஜூலையில், வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத உடன்படிக்கையில் கையொப்பமிடக் கூடாதென்று 95-க்கு 0 என்ற வாக்குகளில் தீர்மானித்த அவை அது. எழுத்துப்பிழை என்ற பெயரில், கட்டாயச் சொல்லுக்குப் பதில் அறிவுறுத்தும் சொல் இடம்பெற்றது. உடன்படிக்கை நிறைவேறியது. ஓராண்டுக்குள், 2016 நவம்பர் 4 அன்று, நடைமுறைக்கும் வந்தது.

இத்திட்டமிடலுக்கு நாம் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். யாரும் வெளியேறாமல் இருப்பதற்காக, இலக்கை ஒவ்வொரு நாடும் தானே வரையறுக்கலாம் என்று விடப்பட்டது; அடையத் தவறினால் தண்டனையும் இல்லை. இதுவரையிலான பங்களிப்புகள் முழுமையாக நிறைவேறினாலும், இந்நூற்றாண்டில் புவியின் வெப்பநிலை 2.3 முதல் 2.5 டிகிரி செல்சியஸ் வரை உயரும் என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025-ஆம் ஆண்டு மதிப்பீடு. பாரீஸில் ஏற்ற எல்லையோ 2 டிகிரிக்கு வெகு கீழே. இவ்வளவு நெகிழ்ந்தும், அமெரிக்கா இரண்டாம் முறையாக விலகும் முடிவை 2025 ஜனவரியில் அறிவித்தது. எனினும், கோபன்ஹேகனைப் போலக் கட்டமைப்பே குலையவில்லை. பிற நாடுகள் அதனுள் நீடிக்கின்றன. நல்ல திட்டமிடல் உடன்பாட்டைச் சாத்தியமாக்கும். அதன் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பது, திட்டமிடும் மேசையில் யார் வலுவாக அமர்ந்திருந்தார்கள் என்பதே.

இந்த இடத்தில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக கோபன்ஹேகனில் அளித்த உறுதிமொழிக்குப் பதிலாக, புதிய நிதி இலக்கை 2025-க்குள் வகுப்பதென்று பாரீஸிலேயே முடிவானது. அதற்காக 2022 முதல் மூன்று ஆண்டுகள் தொழில்நுட்பக் கூட்டங்கள் நடந்தன. நிதியின் தரம், கட்டமைப்பு, காலவரையறை என எல்லாம் பேசப்பட்டன. தொகையை மட்டும் வளர்ந்த நாடுகள் சொல்லவே இல்லை. வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டிருந்தன. 2024 நவம்பரில் பாகு மாநாடு முடிய வேண்டிய நாளன்றுதான் 25,000 கோடி டாலர் என்ற தொகை முதன்முதலாக வரைவில் வந்தது. சிறு தீவு நாடுகளும் மிகவும் பின்தங்கிய நாடுகளும் ஒரு கட்டத்தில் பேச்சுவார்த்தை அறையைவிட்டு வெளியேறின. 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற முடிவு ஏற்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பின்னரே இந்தியாவின் ஆட்சேபத்தைக் கூற வாய்ப்புக் கிடைத்தது. இந்தியப் பிரதிநிதி அதை வெறும் தோற்ற மாயை என்று கண்டித்தார், அரங்கில் கைதட்டல் எழுந்தது, முடிவு மாறவில்லை.

தொகையைக் கடைசி நாள் வரை மறைத்துவைக்க இடமளித்த திட்டத்தை நாமும் ஏற்றுக்கொண்டிருந்தோம். முதல் ஆண்டிலேயே, 'தொகை குறித்த முன்மொழிவு இன்ன தேதிக்குள் எழுத்தில் வரவேண்டும்' என்று வளரும் நாடுகள் ஒன்றுசேர்ந்து நிபந்தனை விதித்து, அதைப் பெற்றிருந்தால், பேரம் பேச மாதங்கள் கிடைத்திருக்கும். கடைசி இரவில் எழுப்பும் ஆட்சேபம் பதிவேட்டில் இடம்பெறும்; நிதியாக மாறாது.

எனவே, இந்தியா சில நடவடிக்கைகளை மேற்கொள்வது அவசியம். முதலாவதாக, பேச்சுவார்த்தைக் குழு அடிக்கடி மாறக்கூடாது. பத்து ஆண்டுகளுக்கு முன் எந்தச் சொல்லுக்கு எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை நினைவில் வைத்திருப்பவர்களே இத்தகைய மேசையில் வலுவுடன் பேச முடியும். இரண்டாவதாக, ஜூன் மாதத்தில் பான் நகரில் நடக்கும் துணைக்குழுக் கூட்டங்களுக்கு, நவம்பர் மாநாட்டுக்கு நிகரான முக்கியத்துவம் தரவேண்டும். மூன்றாவதாக, நம் வரைவு பிறர் வரைவுக்கு முன்பே மேசைக்கு வரவேண்டும். பேரத்தில் முதலில் எழுதப்பட்ட சொற்களைச் சுற்றியே பேச்சு நகரும். நான்காவதாக, பொருளியலும் சட்டமும் அறிவியலும் ஒருங்கே அறிந்த இளைஞர்களை நம் பல்கலைக்கழகங்கள் இப்பணிக்கு உருவாக்க வேண்டும். ஓரிரு பிரதிநிதிகளை மட்டுமே அனுப்ப முடியும் சிறு நாடுகளுக்கும் அந்த அறிவு துணைநிற்கும். நட்பு நாடுகளும் கிடைக்கும்.

2026 நவம்பர் மாநாட்டை துருக்கியின் அன்டால்யா நகரம் நடத்துவதென்றும், பேச்சுவார்த்தைகளை ஆஸ்திரேலியா வழிநடத்துவதென்றும் ஏற்பாடாகியிருக்கிறது. இடம் ஒருவரிடமும் வரைவு மற்றொருவரிடமும் இருக்கும் இந்தப் புதிய முறையில், முன்கூட்டிய ஆயத்தத்தின் முக்கியத்துவம் இன்னும் கூடும். 2028-இல், பாரீஸ் உடன்படிக்கையின் கீழ் உலக நாடுகளின் முன்னேற்றத்தை மதிப்பிடும் இரண்டாவது கணக்கெடுப்பு நிறைவுபெற வேண்டும். எந்த அளவுகோலால் அளப்பது, உமிழ்வை மட்டும் அளப்பதா, தந்த நிதியையும் சேர்த்து அளப்பதா என்பவை அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடும். அந்த முடிவுகள் எழுதப்படும் சிறிய அறைகளில், ஒளிப்படக் கலைஞர்கள் எவரும் இல்லாத நாள்களில், நம் பிரதிநிதிகள் உரிய ஆயத்தத்துடன் அமர்ந்திருக்க வேண்டும்.