பேச்சுக்கு ஒரு தேவை வேண்டும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய பகுதிகளிலிருந்து நம் கல்லூரிகளுக்கு வரும் மாணவருள் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோரும் உளர். திருக்குறளுக்குத் தெளிவாக உரையெழுதும் அவர்களுள் சிலர், எழுந்து நான்கு தொடர் பேசுமாறு பணித்தால் நாணித் தலைகுனிகின்றனர். குறை அவர்களிடத்தில் உள்ளதா, நாம் அளிக்கும் பயிற்சியில் உள்ளதா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

“உம் ஊரைப் பற்றிப் பேசுக” என்கிறோம். அனைவரும் அறிந்த செய்தியை அவர் எவருக்காக உரைப்பார்? ஆசிரியரோ செய்தியை விடுத்துப் பிழையையே நோக்குகிறார். தேவையற்ற இடத்தில் பேச்சு பிறப்பதில்லை.

இதனை உணர்ந்த முயற்சியொன்று பெங்களூரிலும் சென்னையிலும் 1979 முதல் 1984 வரை நடைபெற்றது. பேராசிரியர் என்.எஸ். பிரபு, பள்ளி மாணவர்க்கு ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கையில், இலக்கண வரிசையை விடுத்து, விடை தேடும் பணிகளையே பாடமாக்கினார். அப்பணிகள் மூவகை. ஒருவர் அறிந்ததை மற்றவருக்கு உணர்த்துவது தகவல் இடைவெளி. அறிந்தவற்றிலிருந்து புதியதை உய்த்துணர்வது பகுத்தறி இடைவெளி. தத்தம் விருப்பத்தைக் காரணத்துடன் கூறுவது கருத்து இடைவெளி.

இம்மூன்றையும் தமிழ் வகுப்பில் எளிதாக அமைக்கலாம். தாம்பரம்–கடற்கரை மின்தொடர் வண்டிகளின் கால அட்டவணையை இரண்டாகப் பிரிப்போம். ஒரு மாணவரிடம் தாம்பரத்திலிருந்து புறப்படும் நேரங்கள். மற்றவரிடம் கிண்டியை அடையும் நேரங்கள். தாளைக் காட்டாமல் ஒருவரையொருவர் கேட்டே நிரப்புதல் வேண்டும். அடுத்து, “கிண்டியில் பத்து மணிக்கு நேர்காணல், நிலையத்திலிருந்து கால்மணி நேர நடை, எந்த வண்டியைப் பிடிப்பது?” என வினவலாம். இறுதியாக, வண்டியா பேருந்தா எது நன்று என வழக்காடச் செய்யலாம்.

இதில் ஆசிரியர் கருதத்தக்கன மூன்று. முதலாவது, பிரபு செய்தவாறே, இதுபோன்ற பணியொன்றை வகுப்பு முழுவதுடனும் முன்னதாகச் செய்துகாட்டல். இரண்டாவது, “எத்தனை மணிக்கு வண்டி?” என்னும் பேச்சுத் தமிழையே ஏற்றல், சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடமளிக்குமாறு பரிந்துரைத்தது. மூன்றாவது, பேசுகையில் இடைமறியாமை; பிழைகளைக் குறித்துவைத்துப் பணி முடிந்தபின் திருத்தலாம்.

ழகரம் பிறழக் கேட்டு நாம் நகைப்போமாயின், அம்மாணவர் தமிழை எழுதுவதோடு நிறுத்திக்கொள்வார். அண்டை வீட்டாரோடும் அதனைப் பேசத் துணியார். அவருடைய விடைக்காக நாம் உண்மையாகவே காத்திருப்போமாயின், தமிழ் அவருக்கும் உரிய மொழியாகும்.