கூரையிலே வெயில், வீட்டிலே இருள்

இருளில் இருந்தவனுக்கே விளக்கின் அருமை தெரியும். 1990களில் வன்னிப் பெருநிலத்தில் மாணவராயிருந்த எம்மனோர்க்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமருந்தாகிவிட்ட அந்நாட்களில், ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் ஒரு திரியும் இட்டு, அவ்வொளியிலேதான் பாடம் படித்தோம்.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறந்தது. அடுத்த ஆண்டு, கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் கூரையிலும் ஒரு சூரியத் தகடு ஏறியது. ஊரார் அதனைச் ‘சோலார்’ என்றே அழைத்தனர். இரண்டு குமிழ்களுக்கும் ஒரு வானொலிக்கும் அது போதுமாயிருந்தது.

தகட்டை வாங்குவது ஒருநாள் வேலை. பேணுவதோ நாளாந்த வேலை. இதனை ஐயா நன்கறிந்திருந்தார். சோளகக் காற்று புழுதியை வாரி இறைக்கும் மாதங்களில், வெயில் ஏறுமுன் ஏணி வைத்து ஏறி, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைப்பார். வேப்பங்கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் கிளையைத் தறிப்பார். தகட்டிலுள்ள சிலிக்கன் சில்லுகள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று நிழலில் மங்கினால் மற்றவற்றின் மின்னோட்டமும் தடைப்படும்.

பெருங்கவனம் பற்றரிக்கே உரியது. அதில் நீர் குறைந்தால் வடித்த நீரையே விடவேண்டும். கிணற்று நீரிலுள்ள உப்புகள் ஈயத் தட்டுகளைக் கெடுத்துவிடும். மின்னை முற்றாக வடியவிட்டாலும் அதன் ஆயுள் குறையும். ஆகவே, மாரிகாலத்தில் வானம் மூடிக்கிடந்தால், “இண்டைக்கு ஒரு குமிழ் போதும்” என்பது ஐயாவின் கட்டளை. வரவறிந்து செலவிடும் பாடத்தை நான் அந்தப் பற்றரியிடமே கற்றேன். 2008இல் இடம்பெயர்ந்தபோது தகட்டையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்றோம். திரும்பி வந்தபோது அது எங்களிடம் இல்லை.

போர் முடிந்தது, மின்கம்பிகள் வந்தன. 2016இல் அரசு ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தைத் தொடங்கியபின், கூரைத் தகடுகளை மின்வலையோடு இணைப்பது பரவலாயிற்று. நானும் இணைத்தேன். பகலில் மிஞ்சுவதை வலைக்குக் கொடுக்கலாம். பற்றரி வேண்டாம், நீர்விடும் தொல்லையும் இல்லை என்று மகிழ்ந்தேன்.

2022 மார்ச் 31ஆம் நாள் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு. உச்சி வெயில் தகட்டில் தகதகக்கிறது. வீட்டினுள் மின்விசிறி அசையவில்லை! பழுதென்றே எண்ணினேன். பின்னரே உண்மை விளங்கிற்று. வலையில் மின் நின்றால், இத்தகைய இன்வேட்டரும் தானே நின்றுவிடும். நின்றுபோன கம்பியில் நம் வீட்டு மின் பாய்ந்தால், அதனைத் திருத்த ஏறும் தொழிலாளியின் உயிர் போகுமன்றோ? முறை சரியானதே. பூட்டியவர் இதனைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் வேறொரு விந்தை. மின்தேவை குறைந்திருந்தமையால், பிற்பகல் 3 மணிவரை கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டியது. பகலில் கொள்ள இடமில்லை. இரவிலோ சூரியன் இல்லை! ஒரு வீட்டின் குறையே நாட்டின் குறையாகவும் நின்றது.

இப்போது வலையின்றியும் இயங்கும் சிறு தகடொன்றைப் பற்றரியோடு தனியே வைத்துள்ளேன். மின்வெட்டு நேர்ந்தாலும் பிள்ளைகளின் படிப்பு மேசையில் ஒரு குமிழ் எரியும். ஒளியைப் பெறுவதிலும் அதனைச் சேமித்து வைப்பதே பெரிது என்பதை, ஜாம் போத்தலில் படித்தவன் எப்படி மறந்தேனோ!