கோழிக்கறியில் ஒளிந்திருக்கும் கிருமி

"கறி நாறவே இல்லையே ஐயா, பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு, அப்புறம் ஏன் வயித்தால போகுது?" தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரும் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

கறியை நாற வைக்கும் கிருமி வேறு, நம்மைப் படுக்க வைக்கும் கிருமி வேறு. சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் இரண்டும் கோழியின் குடலில் வாழ்பவை. பெரும்பாலும் கோழிக்கு ஒரு நோவும் தெரியாது. அறுத்துச் சுத்தம் செய்யும்போது கறியில் ஒட்டிக்கொள்கின்றன. 2013-ஆம் ஆண்டு கெடாவில் ஒரு கல்யாண விருந்துச் சாப்பாட்டால் 4 பேர் உயிரிழந்தார்கள். ஆகவே இது லேசான சங்கதி அல்ல.

கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாததை ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள்?

சால்மொனெல்லாவுக்கு 25 கிராம் கறியை எடுத்து, 225 மில்லி லிட்டர் பெப்டோன் கரைசலில் கலக்கி, நம் உடம்புச் சூடான 37 பாகையில் ஓர் இரவு வைப்பார்கள். ஐஸில் சோர்ந்துபோன கிருமிக்கு அங்கே தெம்பு வரும். மறுநாள் வேறொரு கரைசலுக்கு மாற்றுவார்கள். அது மற்றக் கிருமிகளை அடக்கி, சால்மொனெல்லாவைப் பெருக விடும். மூன்றாம் நாள் அதில் ஒரு துளியைச் சிவப்பு ஜெல்லி பூசிய தட்டில் தேய்ப்பார்கள். அடுத்த நாள் நடுவில் கறுத்த புள்ளிகள் முளைத்தால் சந்தேகம் வலுக்கும். பிறகு இரசாயனச் சோதனை செய்து உறுதி செய்வார்கள். மொத்தம் ஐந்து நாளாவது ஆகும்.

கேம்பிலோபேக்டர் இன்னும் பிடிவாதக்காரன். நாம் சுவாசிக்கும் காற்றே அதற்கு ஆகாது. பிராணவாயுவை ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்குக் குறைத்து, 42 பாகைச் சூட்டில் இரண்டு நாள் வளர்க்க வேண்டும்.

இப்போது பி.சி.ஆர். என்ற முறையும் உண்டு. கிருமியின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். ஓரிரு நாளில் பதில் கிடைக்கும். ஆனால் செத்த கிருமியின் மரபணுவும் அதில் தெரியலாம். அதனால் கிருமி இருப்பதாகக் காட்டினால், வளர்த்துப் பார்த்தே முடிவு சொல்வார்கள்.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். மாதிரி இல்லாவிட்டால் ஆய்வுக்கூடத்தால் ஒன்றும் செய்ய முடியாது. திருவிழாவிலோ கல்யாணத்திலோ சாப்பிட்ட பலருக்கு ஒன்றாக வயிறு கெட்டால், மீந்த கறியைக் கொட்டி அண்டாவைக் கழுவிவிடுகிறோம். அப்புறம் சமைத்த அக்காமேல் பழி விழும். உண்மைக் காரணம் தெரியாமலே போகும்.

ஆகவே தோழர்களே:

மீந்த கறியை மூடி, யாரும் தின்னாதபடி குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

கடையில் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். ஆஸ்பத்திரியில் மலம் கேட்டால் வெட்கப்படாமல் கொடுங்கள்.

உடனே தகவல் சொல்லுங்கள். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி, உணவு நஞ்சானால் மருத்துவர் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், பிள்ளை துவண்டு போதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உப்பு சர்க்கரைப் பொடி கலந்த நீரைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

வீட்டில் பச்சைக் கறி வெட்டிய பலகையில் காய்கறி நறுக்காதீர்கள். எலும்போரம் சிவப்பு மாறும்வரை வேக வையுங்கள். ஆய்வுக்கூடம் ஐந்து நாள் தேடும் கிருமியை, நன்றாகக் கொதிக்கும் குழம்பு அன்றைக்கே கொன்றுவிடும்.