தை மாதத்தில் வகுக்கும் வீட்டுத்தோட்டம்: ஊதாவும் கருஞ்சிவப்பும் பூண்ட காய்கறிகள்

வடபகுதியில் மார்கழியுடன் பெருமழை ஓய்கிறது. தை பிறந்ததும் வாடைக்காற்றின் கடுமை தணிந்து, பகலில் இதமான வெயிலும் இரவிற் பனியும் உண்டாகின்றன. கிணறுகளில் நீர் உயர்ந்து நிற்கும் காலமும் இதுவே. ஆயினும் இந்நிலை நெடுநாள் நீடிப்பதில்லை. பங்குனியில் வெயில் ஏறும். வைகாசியிற் சோளகம் வீசத் தொடங்கும். கிணற்று நீர்மட்டம் நாளுக்கு நாள் தாழும். ஆகவே, கோடைக்கு வேண்டிய காய்கறியைத் தம் வளவிலேயே பெற விரும்பும் குடும்பத்தினர் தை மாதத்திலேயே தோட்டத்தை வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

ஊதாக் கத்தரி, சிவப்புக்கீரை, செந்தண்டுப் பசளி, இராசவள்ளி, ஊதா அவரை ஆகிய ஐந்தும் நம் வளவுகளுக்குப் பழக்கமான கருநிறப் பயிர்கள். சிறிய இடத்தில் வளர்ந்து, கண்ணுக்கு அழகையும் உணவுக்குச் சுவையையும் தருபவை. ஆனால், சிவப்புக்கீரை பாதி பச்சையாக முளைப்பதையும், கத்தரிக்காய் வெளிறிக் காய்ப்பதையும், இராசவள்ளிக்கு நடுகிழங்கு இல்லாது போவதையும் பல வீடுகளிற் காணலாம். மண்ணின் குறையென்றோ பசளைக் குறைவென்றோ இவற்றைக் கருதுவோர் உளர். பெரும்பாலும் குறை திட்டமிடுதலிலேயே உள்ளது. வெயில், விதை, நீர் என்னும் மூன்றையும் தையில் ஒழுங்கு செய்துகொண்டால் மற்றவை எளிதாகும்.

நிறம் உண்டாகும் விதம்

கத்தரிக்காய்த் தோல், அவரை, இராசவள்ளிக் கிழங்கு ஆகியவற்றின் ஊதா நிறம் அந்தோசயனின் என்னும் பொருளால் உண்டாவது. சிவப்புக்கீரை, பசளித்தண்டு, பீற்றூட் ஆகியவற்றின் சிவப்பு, பெற்றாலெயின் என்னும் வேறொரு பொருளால் உண்டாவது. இரண்டும் நீரிற் கரைவன.

ஊதாக் கத்தரிக்காயின் தலையை மூடியுள்ள பச்சைப் புல்லியை மெல்ல நீக்கிப் பார்த்தால், அதன் கீழே தோல் வெண்மையாக இருப்பதைக் காணலாம். வெளிச்சம் படாத இடத்தில் நிறம் ஏறவில்லை என்பதே இதன் பொருள். ஆதலின் நிழலில் நட்ட கத்தரியின் காய் வெளிறியிருத்தல் இயல்பே.

இராசவள்ளியின் நிலை வேறு. மண்ணுக்குள் வெளிச்சமின்றி வளரும் அக்கிழங்கு தன் நிறத்தைத் தாய்க்கிழங்கிலிருந்தே பெறுகிறது. நல்ல ஊதா நிறக் கிழங்கின் துண்டை நட்டால் அதே நிறக் கிழங்கு கிடைக்கும்; வெளிறிய கிழங்கை நட்டு எவ்வளவு பசளை இட்டாலும் நிறம் மாறாது. சிவப்புக்கீரையின் நிறமோ விதையின் தூய்மையைப் பொறுத்தது.

வெயிலறிந்து இடந் தெரிதல்

தை மாதத்தில் இடந் தெரிவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். இப்போது நண்பகற் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கிறது. 20 அடி உயரமுள்ள மரத்தின் நண்பகல் நிழல், தை முற்பகுதியில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 11 அடி நீளும். யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் உச்சிக்கு நேரே வருகிறது. அதன்பின் ஆவணி நடுப்பகுதி வரையும் அது சற்று வடக்கே நிற்பதால், அதே மரத்தின் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆனி மாதத்தில் அது 5 அடி அளவேயாகும்.

எனவே, வீட்டுக்கோ மதிலுக்கோ வடக்கே இன்று நிழலாகத் தோன்றும் இடம் கோடையில் நல்ல வெயில் பெறும். அதனைப் பயனற்றதென ஒதுக்கிவிடலாகாது. கிழக்கிலும் மேற்கிலும் நிற்கும் மா, பலா, வேம்பு முதலியவற்றின் காலை மாலை நிழலையும் ஒருநாள் முழுவதும் கவனித்து, நான்கு மூலைகளில் முளையடித்துக் குறித்துக்கொள்க. நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் படும் இடத்தைக் கத்தரிக்கு ஒதுக்குதல் வேண்டும். பிற்பகல் நிழல் விழும் இடம் பசளிக்குப் போதும். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவதால், கொடிப்பந்தலை வேலியின் அல்லது வீட்டின் மறைவில் அமைப்பது நன்று.

நீரை அளந்து பாத்தி வகுத்தல்

குடாநாட்டின் கிணறுகளுக்கு வற்றாத ஆறுகளின் ஊட்டம் இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையினூடே இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாகத் தங்கி நிற்கிறது. அதை அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். ஒரு கிணறு உவர்த்துவிட்டால் தோட்டம் மட்டுமன்றிக் குடிநீரும் கெடும். ஆகையால் தோட்டத்தின் அளவை நிலத்தைக் கொண்டு தீர்மானியாது, கோடையில் இறைக்கக்கூடிய நீரைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும்.

கடுங்கோடையில் 1 சதுர மீற்றர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் நீர் தேவைப்படும். அஃதாவது 10 லீற்றர் வாளியொன்று 2 சதுர மீற்றருக்குப் போதும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 4 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமுமுள்ள துண்டு தொடக்கத்துக்குப் போதுமானது. அதனைப் பின்வருமாறு பிரிக்கலாம்:

கத்தரி 12 செடி: 6.5 சதுர மீற்றர்.
சிவப்புக்கீரை, 1 மீற்றருக்கு 2 மீற்றராக இரு பாத்திகள்: 4 சதுர மீற்றர்.
செந்தண்டுப் பசளி, வேலியோரம் ஒரு வரிசை: 2 சதுர மீற்றர்.
இராசவள்ளி 4 குழிகள்: 4 சதுர மீற்றர்.
நடைவழி: எஞ்சிய இடம்.

இராசவள்ளி நடும் வரை நாளொன்றுக்கு 6 அல்லது 7 வாளியும், நட்டபின் 8 அல்லது 9 வாளியும் இத்தோட்டத்துக்குத் தேவைப்படும். சென்ற ஆண்டு ஆடி ஆவணியில் உங்கள் கிணறு இவ்வளவு நீரைத் தந்ததா என எண்ணிப் பார்த்து, தராதாயின் கத்தரியைப் பாதியாகக் குறைத்துக்கொள்க. காய்கறி, அரிசி கழுவிய நீரையும் வீணாக்காது பாத்திக்கு விடலாம். கோடைப் பாத்திகள் தரையிற் சற்றுத் தாழ்ந்து, சுற்றிலும் வரம்புடன் இருத்தல் வேண்டும். செடியடியில் வைக்கோல் அல்லது காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் காக்கப்படும்.

பாத்தி கொத்தும்போது நன்கு உக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ கலந்து, பூவரசங் குழை அல்லது சீமைக்கிளுவைக் குழை தாழ்த்துதல் வேண்டும். மட்டுமீறிய யூரியா இலையைத் தழைக்கச் செய்யுமேயன்றிக் காய்க்கு நிறம் ஊட்டாது. வலிகாமத்தின் பயிர்ச்செய்கைப் பகுதிகளிற் பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீருக்குரிய அளவை மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இது பாற்குழந்தைகளுக்குத் தீங்கு பயப்பது. ஆதலின் எருக்குவியலைக் கிணற்றுக்குத் தொலைவில் வைத்து, பசளையை அளவோடு இடுதல் ஒவ்வொரு வீட்டாரின் கடமையாகும்.

பயிர்களைப் பேணும் முறை

கத்தரி: தை முற்பகுதியில் நாற்றுமேடையில் விதைத்தல் வேண்டும். மேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தபின் விதைத்தால் நாற்றழுகல் குறையும். 4 அல்லது 5 வாரத்தில், வரிசைக்கு வரிசை 90 சென்ரிமீற்றரும் செடிக்குச் செடி 60 சென்ரிமீற்றரும் இடைவெளி விட்டு நடுக. திருநெல்வேலியின் பேரால் வழங்கும் ஊதாக் கத்தரி வகை நம் பகுதிக்கு ஏற்றது. சென்ற போகத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் நின்ற இடத்தில் மீண்டும் நடலாகாது. வாடல் நோய் மண்ணிலே தங்கியிருத்தல் கூடும். நுனிக் குருத்து வாடித் தொங்கினால் அதனுள்ளே துளைப்பான் புழு உண்டு. வாரந்தோறும் அத்தகைய நுனிகளையும் துளைபட்ட காய்களையும் வெட்டி அழித்துவிடுக. கூட்டெருக் குழியில் இடலாகாது. தோல் பளபளப்பாக இருக்கும்போதே காயைப் பறித்தல் வேண்டும். பளபளப்பு மங்கினால் காய் முற்றத் தொடங்கியது என அறிக.

சிவப்புக்கீரை: விதை மிகச் சிறியது, மணலுடன் கலந்து மேலோட்டமாகத் தூவி, வாளித் தூவியால் நீர் தெளிக்க. இரு பாத்திகளையும் ஒரே நாளில் விதையாது, இரு வார இடைவெளியில் விதைத்தால் கறிக்குக் கீரை தொடர்ந்து கிடைக்கும். 3 அல்லது 4 வாரத்திற் பிடுங்கலாம். கீரையின் மகரந்தம் காற்றினாற் பரவுவதால், பச்சைச் செடிகள் அருகிற் பூத்தால் அடுத்த விதை கலப்புறும். ஆகவே பச்சையாக முளைத்தவற்றைப் பூக்குமுன் பிடுங்கிக் கறிக்கு எடுத்துக்கொண்டு, கடுஞ்சிவப்பான 6 அல்லது 8 செடிகளை மட்டும் விதைக்கு நிறுத்துதல் வேண்டும்.

செந்தண்டுப் பசளி: 20 சென்ரிமீற்றர் நீளமுள்ள முற்றிய தண்டை, இரு கணு மண்ணுள் இருக்குமாறு நட்டால் வேர்விடும். கொடி ஓரளவு படர்ந்தபின் நுனிகளைக் கிள்ளி எடுத்தால் பக்கக் கிளைகள் பெருகும்.

இராசவள்ளி: கொடி காய்ந்து கிழங்கு கிண்டும் காலம் இதுவே. கிண்டியது முழுவதையும் கஞ்சிக்கும் களிக்கும் செலவிட்டுவிடாது, முதலில் நடுகிழங்கை ஒதுக்கி வைத்தல் வேண்டும். ஒரு கிழங்கைச் சிறிது கீறிப் பார்த்து, உட்சதை ஆழ்ந்த ஊதாவாக உள்ள கொடியின் கிழங்கையே தெரிக. கொடியை ஒட்டிய தலைப்பகுதி விரைவில் முளைக்கும். காயம்பட்ட பகுதிக்குச் சாம்பல் தடவி, காற்றோட்டமுள்ள நிழலில் ஒன்றன்மேல் ஒன்று படாது பரப்பி வைக்க. கிழங்கு சில மாதம் உறங்கிப் பின் முளைகாட்டும். சித்திரை வைகாசியில், 45 சென்ரிமீற்றர் ஆழக் குழியில் மேல்மண்ணும் எருவும் நிரப்பி, 200 கிராம் அளவான தோலுடன் கூடிய துண்டுகளை நட்டுக் கொழுகொம்பு ஊன்றுக.

ஊதா அவரை: பகற்பொழுது குறுகும் காலத்திலேயே பூப்பதாதலின் இப்போது விதைக்கவேண்டியதில்லை. வேலியில் இப்போது காய்த்து நிற்கும் கொடியில், நிறமும் திரட்சியும் மிக்க காய்களுக்கு நூல் கட்டி, கொடியிலேயே உலரவிட்டு விதை எடுத்து வைக்க. ஆடி ஆவணியில் விதைக்கலாம். இவ்வினம் உவர்நீரைத் தாங்காது.

கடையில் வாங்கிய கலப்பின விதையிலிருந்து வந்த செடியில் விதை எடுத்தல் பயன் தராது. அடுத்த தலைமுறை தாயைப் போன்றிராது.

நோயைக் காட்டும் கருமை

கருமையெல்லாம் செழிப்பின் அடையாளம் ஆகாது. பச்சையாக இருக்கவேண்டிய தக்காளி நாற்று, சோளப்பயிர் ஆகியவற்றின் இலை ஊதா நிறம் கொண்டு வளர்ச்சி குன்றினால், அது பொசுபரசுக் குறைவைக் காட்டலாம். சுண்ணாம்பு மிக்க மண்ணில் இச்சத்து எளிதில் வேருக்குக் கிடைப்பதில்லை. உக்கிய எருவை நிறைய இடுதல் இதற்கு நல்ல பரிகாரமாகும்.

சமையலில் கவனிக்கத் தக்கவை

சிவந்த கீரை இரத்தத்தை ஊறச் செய்யும் என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு. கீரையின் சிவப்பு இரும்புச்சத்தின் நிறமன்று. இரும்புச்சத்து பச்சைக்கீரையிலும் உண்டு. எந்நிறக் கீரையாயினும், இறக்கியபின் தேசிக்காய்ப் புளி சேர்த்து உண்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். நிறப்பொருள் நீரிற் கரைவதால், கீரையைக் கழுவியபின் அரிந்து, சிறிதளவு நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டாது கறியிலேயே சேர்த்துக்கொள்ளல் வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இக்கீரைகளை மிகுதியாக உண்ணுமுன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுக. சோகை உள்ளவர்கள் கீரையை மட்டும் நம்பியிராது வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

மாதவாரியாகச் செய்யவேண்டியவை

தை: இடங் குறித்தல், நாற்றுமேடை, முதற் கீரைப்பாத்தி, இராசவள்ளி நடுகிழங்கு ஒதுக்கல், அவரை விதைக்குக் காய் தெரிதல்.
மாசி: கத்தரி நடுதல், பசளித்தண்டு நடுதல், இரண்டாங் கீரைப்பாத்தி.
பங்குனி: மூடாக்குப் பரப்புதல், கீரை பறித்தல், துளைப்பான் நுனி வெட்டுதல்.
சித்திரை: கத்தரி முதற் பறிப்பு, இராசவள்ளிக் குழி ஆயத்தம் செய்தல், முளைகாட்டிய கிழங்கை நடத் தொடங்குதல்.

இவற்றுள் நீரும் வெயிலும் ஆண்டுதோறும் வரும். தூய விதையும் நல்ல நடுகிழங்கும் ஒருமுறை வீட்டைவிட்டுப் போனால் மீண்டும் கிடைப்பது அரிது. ஆகவே அயலவருக்கும் ஒரு பிடி விதையும் ஒரு துண்டுக் கிழங்கும் கொடுத்து வைத்தல் நலம். உங்கள் வளவில் அழிந்தாலும் அவர்கள் வளவில் நிலைத்திருக்கும். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு கேட்டறிந்துகொள்ளலாம்.