ஏலத்தில் வந்த இழைப்புளி

வடசென்னை எம்.கே.பி. நகரில் எங்கள் வீட்டு பால்கனியின் அகலம் நான்கு அடி. புத்தக அலமாரி ஒன்றைச் சொந்தமாகச் செய்துவிடுவது என்று அங்கே உட்கார்ந்தபோது, கையில் இருந்தவை ஒரு ரம்பம், ஒரு சுத்தியல், இரண்டு உளி. மரம், சரக்குப் பெட்டிகளைப் பிரித்து விற்கும் பைன் பலகை. அதை வழவழப்பாக்க இழைப்புளி எங்கே வாங்கலாம் என்று தெரிந்த ஆசாரி ஒருவரைக் கேட்டேன். "புதுசுக்குப் போகாதீங்க சார். காயலாங்கடையில ஏலத்துச் சரக்கு வரும். பழைய இரும்பு, உடம்பு நல்லா இருக்கும்" என்றார். உடம்பு என்று அவர் எதைச் சொன்னார் என்பது எனக்கு விளங்கச் சில மாதங்கள் ஆயின.

பெரம்பூர் ரயில் பட்டறைகள், 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, இவற்றை நம்பிப் பிழைத்த சின்னச் சின்ன லேத் பட்டறைகள் என்று இரும்பைக் கடைந்தே வளர்ந்த பகுதி வடசென்னை. பட்டறையை மூடினாலும் சரி, இயந்திரத்தை மாற்றினாலும் சரி, பழைய சாமான் ஏலத்துக்குத்தான் போகும். துறைமுகத்தில் இறங்கி 30 நாளுக்குள் எடுக்கப்படாத சரக்கையும் ஏலம் விட சுங்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஏலம் என்ற சொல்லே கப்பலில் வந்ததுதான். போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' நம் வாயில் ஏலமாயிற்று. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" மட்டும் நம்முடையது. சென்னையில் ஏலக் கம்பெனி என்றதும் எனக்கு முதலில் நினைவு வருபவர் மர்ரே எஸ். ராஜம். மர்ரே அண்டு கம்பெனி என்ற ஏல நிறுவனத்தை நடத்தியபடியே, 1950களில் சங்க இலக்கியத்தைச் சந்தி பிரித்து, எளியவர் வாங்கும் விலையில் பதிப்பித்தவர். பழம்பொருளை அடுத்த கைக்கு ஒப்படைப்பதில் அவருக்கு இருந்த அக்கறை பெரியது.

இன்று அரசு நிறுவனங்களின் ஏலம் பெரும்பாலும் கணினியில் நடக்கிறது. 1964-இல் தொடங்கிய எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் ஏலத் தளம் ஒரு வழி, ரயில்வேக்குத் தனித் தளம் இருக்கிறது. பெயரைப் பதிந்து, முன்பணம் கட்டி, லாட் (சரக்குத் தொகுதி) எண்ணைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்ட விலைக்கு மேல் ஜி.எஸ்.டி. சேரும். குறித்த நாளுக்குள் சரக்கைத் தூக்காவிட்டால் தண்டம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனை: இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில். பிறகு குறை சொல்ல வழியில்லை. லாட் என்பது டன் கணக்கில் வருவதால் வீட்டுக்காரர் நேரடியாகக் கேட்பது அபூர்வம். காயலாங்கடைக்காரர் எடுப்பார், பிரிப்பார், நமக்கு ஒன்றிரண்டாக விற்பார். அவர் கணக்கு கிலோ. அதில் கருவி எது, கழிவு எது என்று தெரிந்துகொள்வது நம் வேலை.

என் கைக்கு வந்தது நான்காம் நம்பர் இரும்பு இழைப்புளி. நீளம் ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல், பிளேடு அகலம் இரண்டு அங்குலம். நம் ஆசாரிகளின் மரக்கட்டை இழைப்புளியில் பிளேடை ஆப்பு இறுக்கிப் பிடிக்கும். பிளேடை ஏற்றவும் இறக்கவும் சுத்தியலால் தட்ட வேண்டும். அந்தத் தட்டலுக்குப் பதிலாக ஒரு திருகுச் சக்கரத்தை வைத்தவர் அமெரிக்கர் லியோனார்ட் பெய்லி. 1867-இல் காப்புரிமை பெற்றார். 1869-இல் அது ஸ்டான்லி கம்பெனிக்குப் போய், உலகமெங்கும் அதே அமைப்பு பரவியது. பிளேடு 45 பாகையில் சாய்ந்திருக்கும். அதன் முதுகில், விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் பின்னால், இன்னொரு இரும்புத் தகடு படுத்திருக்கும். சீவல் எழும்பியதும் அதை உடைத்து மடக்குவது அந்தத் தகடுதான். அது விலகியிருந்தால் நார் பிளந்து பலகை சிராய்ந்துவிடும்.

கடை வாசல் வெயிலில் அதைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பாகத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி இடுக்கு வழியே பார்த்தேன். வெளிச்சம் முடியிழை அளவுகூடத் தெரியவில்லை. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். கீழே விழுந்திருந்தால் பிளேடு எட்டிப் பார்க்கும் வாயின் மூலையில் விரிசல் கிளம்பியிருக்கும். அதை ஒட்டவைப்பது லேசான காரியமில்லை. உடம்பு என்று ஆசாரி சொன்னது இதைத்தான். மேலே படிந்த துரு பொருட்டே இல்லை. பிளேடின் தட்டைப் பக்கத்தில் விளிம்பருகே துரு குழி விழுந்திருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும், அங்கே கூர் நிற்காது. திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள். ஸ்டான்லி தனக்கென்று வைத்துக்கொண்ட மரை, கடையில் கிடைக்கும் போல்ட்டோடு சேராது.

மோட்டார் வைத்த இயந்திரங்களில் ஆசை வரும். பட்டறை மோட்டார் பெரும்பாலும் 415 வோல்ட், மும்முனை. நம்மில் பலர் வீட்டில் இருப்பது 230 வோல்ட், ஒருமுனை. மோட்டார் மேலுள்ள விவரத் தகட்டைப் படிக்காமல் வாங்கினால் அது மூலையில்தான் கிடக்கும். பழைய சாணை எந்திரம் வாங்கினால் அதிலுள்ள கல்லைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் கல் மாட்டுங்கள். விரிசல் விட்ட கல் சுழலும்போது சிதறினால் கண் போய்விடும்.

துருவுக்கு எலுமிச்சை உப்பு போதும். தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறவைத்து, காலையில் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவைத்தேன். கறுப்புக்குக் கீழிருந்து சாம்பல் நிற இரும்பு வந்தது. இங்கே உப்புக் காற்று. எண்ணெய் தடவாமல் விட்டால் மறுபடி துரு ஏறிவிடும். அன்று மாலை பைன் பலகையில் முதல் சீவல் சுருண்டு எழுந்தபோது, அதன் ஊடே தெருவிளக்கு தெரிந்தது.

முதன்முதலாக வாங்கப் போகிறவர்கள் ஒரு நான்காம் நம்பர் இழைப்புளி, ஒரு பெஞ்ச் வைஸ், இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பார்வையிடப் போகும்போது டார்ச்சும் ஆறு அங்குல இரும்பு ஸ்கேலும் பையில் இருக்கட்டும்.